வளரும் பிள்ளைகளின் முதுகைப் பாருங்கள்
(திருவனந்தபுரத்தில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் அல்ல. பி.எஸ்ஸி. படித்து, சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆயினும் தாத்தா, பாட்டிகள் நிறைந்த இச்சபையில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

என் உறவில் ஒரு பெண். 13 வயதில் பாவாடை, சட்டைக்கு அளவெடுத்த தையல்காரி, "ஒரு தோள் உயர்ந்திருக்கிறதே" என்றாள். "வெளியில் சொல்லாதே, நாளைக்கு வரன் பார்க்க வேண்டாமா" என்று மூடிவைத்தோம். "நிமிர்ந்து உட்கார்" என்று அதட்டினோம். இரண்டு வருஷம் கழித்து டாக்டரிடம் போனபோது வளைவு 50 டிகிரியைத் தாண்டியிருந்தது. ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. மூடிவைக்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

இதன் பெயர் ஸ்கோலியோசிஸ். முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்து, சற்று முறுக்கியும் கொள்ளும். 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளில் 100-க்கு இரண்டு, மூன்று பேருக்கு இது உண்டு. பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை. புத்தகப் பையோ, கூனி உட்காருவதோ காரணம் அல்ல. பலருக்கு லேசானதாகவே நின்றுவிடும். அதிகமாகும் வளைவு பெண்களிடமே மிகுதி. அதுவும் உயரம் வேகமாகக் கூடும் பருவத்தில். வலி இராததால் குழந்தை தானாகச் சொல்லாது.

முன்பு சனி, வெள்ளிகளில் பாட்டி எண்ணெய் தேய்த்துவிடும்போது முதுகு கண்ணில் படும். இன்று குழந்தை தானே குளிக்கிறது; யாரும் பார்ப்பதில்லை.

சோதனை எளிது. 1865-ல் லண்டன் சர்ஜன் வில்லியம் ஆடம்ஸ் விவரித்தது. பாதங்களைச் சேர்த்து, முழங்கால் மடக்காமல், பெரியவர்கள் காலைத் தொடுவதுபோல் குழந்தை குனியட்டும். அம்மாவோ பாட்டியோ பின்னாலிருந்து பார்க்கட்டும். முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். எக்ஸ்ரேயில் அளந்து சொல்வார்.

வளரும் வயதில் சுமார் 25 முதல் 40 டிகிரி வரை இருந்தால் பிரேஸ் என்னும் கவசம் அணியச் சொல்வார்கள். அது வளைவை நிமிர்த்தாது, கூடாமல் தடுக்கும். அமெரிக்கா, கனடாவில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், பிரேஸ் அணிந்தவர்களில் 72 சதவீதத்தினருக்கு வளைவு ஆபரேஷன் அளவுக்குப் போகவில்லை. அணியாதவர்களில் 48 சதவீதத்தினருக்கே அப்படி. தினம் 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். யோகாசனம் நல்லதே, அதை நம்பி டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆபரேஷன் என்றாலும் கதி கலங்க வேண்டாம். எஸ்.எம்.ஏ. என்னும் தசை நோயால் முதுகு வளைந்த குழந்தைகளுக்கே நம் ஊர் அரசு மருத்துவக் கல்லூரியில் 2023-ல் இந்தச் சிகிச்சை தொடங்கியது.

எங்கள் குழந்தை இன்று நலமாக வேலைக்குப் போகிறாள். ஆனால் அந்த இரண்டு வருஷத்தை நாங்கள் அவளுக்குத் திருப்பித் தர முடியாது. உங்கள் பேத்திகளுக்கு அப்படி நேர வேண்டாம்.