பன்றிக்குக் கட்டிய கம்பி யாரைப் பிடிக்கும்?

(தோட்ட மக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு நான் பேச வந்தது சுருக்குக் கம்பியைப் பற்றி. லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் கிழங்கு, கரட், போஞ்சி போடுகிறோம். பேர்க்காசு போதாத வீட்டுக்கு அதுதான் கைகொடுக்கிறது. ஒரே ராத்திரியில் காட்டுப்பன்றி வந்து கிண்டிப் போட்டுவிட்டால் வயிறு எரியத்தான் செய்யும். அந்தக் கோபத்தில்தான் பழைய பிரேக் கம்பியைச் சுருக்குப் போட்டு வேலி ஓரம் கட்டுகிறார்கள். கஷ்டம் நியாயமானது. ஆனால் வழி சரியா?

கம்பிக்குக் கண் இல்லைங்க. பன்றி போகும் தடத்தில்தான் சிறுத்தையும் போகும், வீட்டு நாயும் போகும், குறுக்குப் பாதையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் போகும்.

2020 மே 26ஆம் திகதி நல்லதண்ணி பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பியில் மாட்டியது. கழுத்தில் இறுகிய கம்பி. வனஜீவராசிகள் திணைக்களத்தார் வந்து மயக்க ஊசி போட்டு மீட்டு, உடவளவைக்குக் கொண்டு போய் வைத்தியம் பார்த்தார்கள். மூன்றாம் நாள், 29ஆம் திகதி, அது செத்துப் போனது. இலங்கையில் கருஞ்சிறுத்தையைக் காண்பதே அபூர்வம். அந்தக் கம்பியும் பன்றிக்கென்று வைத்ததுதான்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சிறுத்தை பாதுகாக்கப்பட்ட மிருகம். கொல்வது குற்றம், தோலையோ பல்லையோ வைத்திருப்பதும் குற்றம். காட்டுப்பன்றி அப்படிப் பாதுகாக்கப்பட்டதல்ல. ஆனாலும் “பன்றிக்குத்தான் வைச்சேன்” என்று சொன்னால் பொலிஸும் கோர்ட்டும் விட்டுவிடும் என்று நினைக்காதீங்க. ஒரு மூட்டை கிழங்கைக் காக்கப் போய் வக்கீலுக்குக் காசு தேட வேண்டி வரும். லைசன்ஸ் இல்லாத துவக்கு, கட்டுத்துவக்கு, ஹக்கபட்டாஸ் இவையெல்லாம் இன்னும் ஆபத்து. மலையில் கொழுந்து எடுக்கிறவர்களும் ரோட்டில் நடந்து போகிறவர்களும் நம்ம ஆட்கள்தானே?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். சிறுத்தை பன்றிக்குட்டியையும் முள்ளம்பன்றியையும் பிடித்துத் தின்னும். அதைக் கொன்றால் பன்றிக்குத்தான் நல்லது.

அப்போ என்ன செய்யலாம்? ஆளுக்கொரு வேலி கட்டுவதை விட, பக்கத்துப் பக்கத்துத் துண்டுகாரர்கள் சேர்ந்து பழைய தகரத்தால் ஒரே வேலியாக அடையுங்கள். பன்றி மூக்கால் தூக்கும், அதனால் அடிப்பக்கத்தை மண்ணுக்குள் புதைக்க வேண்டும். சுற்றியிருக்கும் மானாப் புல்லையும் பற்றையையும் வெட்டி விடுங்கள், மறைவில்லாத இடத்துக்கு வர பன்றி தயங்கும். கிழங்கு முற்றும் காலத்தில் முறை வைத்துக் காவல் இருங்கள். மிச்சச் சோற்றையும் குப்பையையும் லயத்தோரம் கொட்டாதீர்கள். குப்பைக்குப் பன்றியும் நாயும் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். ராத்திரியில் நாயை அடைத்து வையுங்கள்.

கம்பியில் சிறுத்தை மாட்டியிருப்பதைக் கண்டால் கிட்டப் போகாதீங்க. கம்பி அறுந்தால் பாய்ந்துவிடும். கூட்டம் கூடவும் விடாதீங்க, சத்தம் போடவும் விடாதீங்க. பிள்ளைகளைத் தூர அனுப்பிவிட்டு உடனே தோட்ட ஆபீசுக்குச் சொல்லுங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்குப் பேசுங்கள், அல்லது 119க்குப் பொலிஸை அழையுங்கள். தகவல் சொல்வதற்குப் பயப்பட வேண்டாம். அவர்கள் எவ்வளவு சீக்கிரம் வருகிறார்களோ, அந்த உயிர் பிழைக்க அவ்வளவு வழி உண்டு.

கடைசியாக ஒன்று. இந்தக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் உங்கள் துண்டைச் சுற்றி ஒரு தரம் நடந்து பாருங்கள். பழைய கம்பி எங்காவது கிடந்தால் கழற்றி எடுங்கள். போன வருஷம் கட்டி மறந்து போன கம்பிகூட இன்றைக்கும் இறுகும்.