பெயருக்கு முகவரி சொல்வது யார்?

வங்கியின் இணையதளப் பெயரை நீங்கள் தட்டியதும், அதற்குரிய எண் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ். கேள்வி முதலில் போவது ரிசால்வருக்கு. முன்பு வாங்கிய பதில் கையில் இருந்தால், கெடு முடியும்வரை அதையே தரும். இல்லையென்றால் ரூட் சர்வரைக் கேட்கும். அது முகவரி சொல்லாது. ‘டாட் இன்’ சர்வரைக் கைகாட்டும். அதுவும் அடுத்த கவுண்டரைக் காட்டும். கடைசியில், அந்தப் பெயருக்குப் பொறுப்பான சர்வர்தான் லெட்ஜரைப் பார்த்து உறுதியான பதில் தரும்.

ஆனால் உங்கள் காதுக்கு வருவது ரிசால்வர் சொல்வது மட்டுமே. வீட்டு ரவுட்டரில் டிஎன்எஸ் எண்ணை யாராவது மாற்றிவிட்டால், சரியான பெயரைத் தட்டினாலும் போலித் தளத்துக்குப் போய்விடலாம். எனவே ரவுட்டரோடு வந்த அட்மின் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். தளம் பாதுகாப்பற்றது என்று பிரவுசர் எச்சரித்தால் வெளியேறிவிடுங்கள்.