வராத பெட்டிக்குள் என்ன சிப்?



புதிய வீடியோ கேம் கன்சோல் ஒன்று வரப்போகிறது என்று காற்றுவாக்கில் செய்தி வந்தாலே போதும், அதற்குள் இருக்கப்போகும் செயலி எது என்று கணிக்க ஒரு கூட்டம் உட்கார்ந்துவிடும். அதை வெறும் வம்பு என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 விஷயத்தில் அந்தக் கூட்டம் எவ்வளவு தூரம் சரியாகப் போனது, எங்கே சறுக்கியது என்று பாருங்கள்.

அந்தக் கருவி கடைக்கு வந்தது 2025 ஜூன் 5. ஆனால் செயலியின் பெயர் டி239 என்பது 2021-லேயே கசிந்துவிட்டது. 2022 பிப்ரவரியில் அந்தச் செயலியை வடிவமைத்த என்விடியா நிறுவனத்தின் கணினிகளுக்குள் ஆட்கள் புகுந்து கோப்புகளை அள்ளிப்போய் வெளியே விட்டார்கள். அதில் என்விஎன்2 என்றொரு பெயர் கிடந்தது. பழைய ஸ்விட்சின் கிராபிக்ஸ் மென்பொருளுக்குப் பெயர் என்விஎன். அப்புறம் சொல்லவா வேண்டும்! கிராபிக்ஸ் பகுதியில் 1536 கோர்கள் என்பதும் அதிலிருந்தே பிடிபட்டது. கடைசியில் அதுவே உண்மையும் ஆயிற்று.

சண்டை மூண்டது வேறொரு இடத்தில். சிப்பை எந்தத் தொழில்நுட்பத்தில் தயாரிக்கப்போகிறார்கள்? சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறை பழசு, மின்சாரத்தைத் தின்னும், கையடக்கக் கருவியில் இத்தனை கோர்களை ஓட்டினால் பேட்டரி தாங்காது, ஆகவே தைவானின் டிஎஸ்எம்சி செய்யும் புதிய 4 நானோமீட்டர்தான் என்று ஒரு சாரார் கணக்குப் போட்டே நிரூபித்தார்கள். அழகான கணக்கு. வந்ததோ 8 நானோமீட்டர்.

நிண்டெண்டோவில் எப்படிச் சமாளித்தார்கள்? கோர்களை மெதுவாக ஓடவிட்டார்கள். டிவியோடு இணைத்தால் 1007 மெகாஹெர்ட்ஸ். கையில் பிடித்து ஆடினால் 561. வேகம் குறைந்தால் வோல்டேஜையும் இறக்கலாம். மின்செலவோ வோல்டேஜின் வர்க்கத்தோடு சேர்ந்து இறங்கும். அதனால் வேகம் பாதியானால் செலவு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. மிச்சத்தை வாங்குபவர் தலையில் கட்டினார்கள்: பேட்டரி 2 முதல் 6.5 மணி நேரம் வரும் என்று நிண்டெண்டோவே சொல்கிறது. 2019-இல் திருத்தி வெளியிட்ட பழைய ஸ்விட்ச் 4.5 முதல் 9 மணி நேரம் தாங்கியது. ஆக, பேட்டரியைப் பற்றி அந்தக் கணக்குப் போட்டவர்கள் பயந்தது நியாயம்தான். அந்தக் குறையோடேயே விற்க நிண்டெண்டோ துணியும் என்பதைத்தான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்கலாம். 2017 ஸ்விட்சிலும் இரண்டு வருடப் பழைய டெக்ரா எக்ஸ்1 சிப்பைத்தானே வைத்தார்கள்?

இப்போது பேச்சு சோனியின் அடுத்த பிளேஸ்டேஷன் பக்கம் திரும்பியிருக்கிறது. 2025 அக்டோபரில் அதன் வடிவமைப்பாளர் மார்க் செர்னியும், பிளேஸ்டேஷனுக்குச் சிப் வடிவமைக்கும் ஏஎம்டி நிறுவனத்தின் ஜாக் ஹுய்னும் ஒரு காணொளியில் பேசினார்கள். ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிடத் தனிப் பகுதி, கிராபிக்ஸ் தரவு அத்தனையையும் சுருக்கி அனுப்பும் முறை என்றெல்லாம் அடுக்கினார்கள். இவை அப்போதைக்குக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மாதிரிகளாக மட்டுமே இருந்தன என்பதையும் செர்னி மறைக்கவில்லை.

என் ஊகத்தைச் சொல்கிறேன். செயலி ஏஎம்டியின் ஜென் வகைதான். பிளேஸ்டேஷன் 4, 5 ஆட்டங்கள் அதிலும் ஓடியாக வேண்டுமே. தரவைச் சுருக்குவதில் இவ்வளவு அக்கறை காட்டுவதைப் பார்த்தால், மெமரிக்குத் தாராளமாகச் செலவழிக்கச் சோனிக்கு மனமில்லை என்றே தோன்றுகிறது. ஏஐ மையங்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டு போனதில் 2025 கடைசியில் விலை எகிறிவிட்டது. அதனால் நானோமீட்டரைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. எத்தனை ஜிபி மெமரி வைப்பது என்று வரும்போதுதான் சோனி கையைச் சுருக்கும்.