பாலம் ஏன் விழுகிறது?



2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது திருச்சி பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அதில் வண்டிப் போக்குவரத்து முன்னமே நின்று போயிருந்ததால் உயிர்கள் தப்பின. இப்படி ஒரு பாலம் விழுந்தால் பாமரர் "ஆற்றம்மன் கோபம்" என்கிறார். படித்தவரோ "எதிர்பாராத வெள்ளம்" என்கிறார். இரண்டுக்கும் அதிக வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஓடுகிற தண்ணீர் தூணில் மோதியதும் கீழ்நோக்கிப் பாய்ந்து, தூணைச் சுற்றிச் சுழன்று, அடிமண்ணை வாரிக்கொண்டு போகிறது. கடற்கரையில் நின்றவர்களுக்கு, அலை திரும்பும்போது காலடி மண் கரைவது தெரியும். அதுதான் இது. ஆனால் ஆற்றில் ஒரு சூது இருக்கிறது. வெள்ளம் உச்சத்திலிருக்கும்போது விழுகிற பள்ளத்தை, வெள்ளம் வடியும்போது புதுமணல் வந்து மூடிவிடுவதுண்டு. அப்புறம் கோடையில் எஞ்சினீயர் வந்து பார்த்தால் படுகை ஒழுங்காகத்தானே தெரியும்?

இது நம் நாட்டார் அசட்டை மாத்திரம் என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து ஷோஹாரி ஆற்றுப் பாலம் 1987 ஏப்ரல் 5-ந் தேதி விழுந்து 10 பேர் மாண்டார்கள். அதைப் பல தடவை சோதித்துத்தான் இருந்தார்கள். ஆனால் தூணின் அஸ்திவாரத்தைத் தண்ணீருக்குள் இறங்கிப் பார்த்தவர் ஒருவருமில்லை. காவலாகக் கொட்டிய கற்களை ஆறு கொண்டுபோயிருந்தது; மறுபடி போதிய கல் போடவுமில்லை.

நிற்க. பள்ளத்தின் ஆழத்தைக் கணக்கிடும் சூத்திரங்கள் பெரும்பாலும் சோதனைச் சாலைத் தொட்டியில், ஒரே சீரான மணலை வைத்துக் கண்டவை. களிமண்ணும் கூழாங்கல்லும் கலந்த ஆறு அவற்றுக்கு அடங்குவதில்லை. ஒலியை அனுப்பி ஆழம் பார்க்கும் கருவி உண்டு. வெள்ளத்தில் வரும் மரங்கள் அதை உடைத்துவிடுகின்றன, கலங்கல் நீரோ அதை ஏமாற்றுகிறது. அடிமண் போனால் தூண் அதிரும் விதமும் மாறும். அதை மேலிருந்தே அளந்து பள்ளத்தை அறிய ஆராய்ச்சிக்காரர்கள் முயலுகிறார்கள். ஆனால் வெயிலும் லாரிகளும் உண்டாக்கும் மாறுதல் எது, பள்ளத்தால் வந்தது எது என்று பிரிப்பது இன்னும் சுலபமாகவில்லை. அதற்குப் பல ஆறுகளில், பல வருஷம், வெள்ளம் ஓடும்போதே அளந்த கணக்கு வேண்டும். பூமி பூஜைக்கும் திறப்பு விழாவுக்கும் பணம் வருகிறது. இந்த அளவுக் கணக்குக்கு வருகிறதா?

உங்களூர்ப் பாலம் சோதிக்கப்பட்டதாக யாராவது சொன்னால், எந்த மாதத்தில் என்றும், தண்ணீருக்கு மேலேயா கீழேயா என்றும் கேளுங்கள்.