வளர்ப்பு வீட்டுக்கு வந்த பிள்ளை

மாதனூர், ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குக் கிளம்பும் அம்மாக்கள் பிள்ளையை ஆயாவிடம் விட்டுப் போவார்கள். அந்த ஆயாவும் இல்லாத பிள்ளைக்கு?

2015 சிறார் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவு வழி சொல்கிறது. குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடு வேறொரு குடும்பம் வளர்க்கலாம். தத்து வேறு, இது வேறு.

வளர்ப்பு வீட்டில் சோறும் துணியும் கிடைத்துவிடும். ஆனால் ராத்திரி படுக்கையை நனைப்பது, தட்டிலிருக்கும் இட்லியைத் தலையணைக்கடியில் ஒளிப்பது? அடம் என்று அடிக்கிறவர்கள் உண்டு, அடிக்கவே கூடாது. வீட்டைப் பறிகொடுத்த பயம் அது. வைத்தியம் பார்க்க வேண்டும்.

பஸ் ஏறினால் வேலூர். பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் 1957 முதல் இயங்குகிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குவது அங்கே நெடுநாள் வழக்கம். வளர்க்கிறவரும் கூடவே கற்றுக்கொள்ள இது நல்ல ஏற்பாடு.

உடனே போக முடியாதவர்கள் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-க்குப் பேசலாம், தமிழிலேயே, கட்டணமில்லாமல்.