வினைச்சொல்லும் நம் வீட்டுப் பிள்ளைகளும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழா மேடையில் இலக்கணம் பேசப் புகுவது, விருந்துக்கு நடுவே சுக்குக் கஷாயம் பரிமாறுவது போன்றதென்று சிலர் எண்ணலாம். ஆயினும், விருந்து செரிக்கச் சுக்கு வேண்டுமன்றோ? அத்துணிவோடு இங்கு நிற்கின்றோம்.

ஞாயிறுதோறும் சங்கத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் எம்மிடம் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “பள்ளியிலே ஆங்கிலம், உடன் இந்தி, தெருவிலும் கடையிலும் வங்காளி. இப்போது பிள்ளை ஸ்பானிய மொழி படிக்க விரும்புகிறான். தலைச்சுமை மிகுகிறது. தமிழைச் சிறிது காலம் ஒதுக்கி வைத்தால் என்ன?” என்பதே அக்கேள்வி. இது வெறுப்பினால் எழுந்த கேள்வியன்று; பிள்ளையின் நலம் கருதி எழுந்ததே. ஆதலின் அதற்குச் சினத்தால் விடை கூறாது, ஸ்பானிய மொழியின் வினைச்சொல்லையே சான்றாகக் கொண்டு விடை கூற முற்படுகின்றோம்.

நாம் குடியேறி வாழும் இந்நகருக்கு ஸ்பானிய மொழி புதியதன்று. நியூ டவுனில் ரவீந்திர தீர்த்தத்தைக் கண்டிருப்பீர்கள். அக்கவியரசர் 1924-இல் அர்ஜென்டினா சென்று நோயுற்றபோது, விக்டோரியா ஒகாம்போ என்னும் அம்மையார் அவரைப் பேணிக் காத்தார். 1925-இல் வெளிவந்த ‘பூரபி’ என்னும் கவிதை நூலைத் தாகூர் அவருக்கே, ‘விஜயா’ என்ற பெயரிட்டுப் படைத்தார். அதற்கு முன்பே, 1915 முதற்கொண்டு, செனோபியா காம்ப்ருபி அம்மையாரும் அவர்தம் கணவர் ஹுவான் ராமோன் ஹிமேனெசும் தாகூரின் நூல்களை ஸ்பானிய மொழியில் ஆக்கி வந்தனர். அக்கணவரே பின்னர் 1956-இல் நோபல் பரிசு பெற்ற கவிஞர். நமக்கு அண்மையிலுள்ள சால்ட் லேக்கில் 2023-இல் நடந்த புத்தகக் கண்காட்சியில் ஸ்பெயின் நாடே சிறப்பிடம் பெற்றது. ஆகவே, பிள்ளைகள் அம்மொழியை விரும்புவதில் வியப்பில்லை. தடுக்கவும் வேண்டா. கற்கும் வழியைத் தெரிந்து கற்கச் செய்வோம்.

ஸ்பானிய வினைகள் யாவும், அகராதியில் நிற்கும் நிலையில், மூன்று ஈறுகளுள் ஒன்றைக் கொண்டு முடியும்: ‘ஆர்’, ‘ஏர்’, ‘ஈர்’. பேசுதலுக்கு ‘அப்லார்’, உண்ணுதலுக்குக் ‘கோமேர்’, வாழ்தலுக்குப் ‘பிபீர்’. இவ்வீற்றை நீக்கினால் எஞ்சுவது பகுதி. ‘அப்ல்’ என்னும் பகுதியோடு விகுதி சேர்ப்போம். ‘அப்லோ’ என்றால் பேசுகிறேன், ‘அப்லாஸ்’ பேசுகிறாய், ‘அப்லா’ பேசுகிறான் அல்லது பேசுகிறாள், ‘அப்லாமோஸ்’ பேசுகிறோம், ‘அப்லான்’ பேசுகிறார்கள்.

ஆங்கிலம் மட்டும் அறிந்த மாணவன் இவ்விடத்தே திகைத்து நிற்கிறான். “நான், நீ, அவன் என்னும் சொற்கள் எங்கே போயின?” என்று வினவுகிறான். தமிழ்ப் பிள்ளைக்கு அத்திகைப்பு வேண்டுவதில்லை. ‘பேசினேன்’ என்ற அளவில் பேசியவர் யார் என்பது விளங்கிவிடுகிறது. ‘நான்’ என்பது தோன்றா எழுவாயாய் நின்றுவிடுகிறது. பவணந்தி முனிவர் நன்னூலிலே பதத்தைப் பகுதி, இடைநிலை, விகுதி எனப் பகுத்துக் காட்டிய முறை, அட்லாண்டிக் கடலோரத்து மொழிக்கும் ஒத்து வருவதைக் காண்க.

ஓர் எடுத்துக்காட்டு. ‘அந்நாளில் பேசுவோம்’ என்று பழைய வழக்கத்தைக் கூற ஸ்பானியர் ‘அப்லாபாமோஸ்’ என்பர். இதனைப் பிரித்தால், ‘அப்ல்’ பகுதி. ‘ஆ’ இவ்வகை வினைக்குரிய உயிர். ‘பா’ காலம் காட்டும் இடைநிலை. ‘மோஸ்’ தன்மைப் பன்மை விகுதி. ‘பேசினோம்’ என்பதில் ‘பேசு’, ‘இன்’, ‘ஓம்’ எனப் பிரிப்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? சொற்கள் வேறு, கட்டடம் ஒன்றே.

இனி, காலங்களைக் காண்போம். நடந்து முடிந்த செயலுக்கு ‘அப்லே’, ‘கோமீ’, ‘பிபீ’: பேசினேன், உண்டேன், வாழ்ந்தேன். இங்கே கற்போர்க்கு ஓர் எளிமை உண்டு. ‘ஏர்’ ஈற்று வினைகளும் ‘ஈர்’ ஈற்று வினைகளும் இறந்தகாலத்தில் ஒரே விகுதிகளை ஏற்கின்றன. ஆதலின் மூன்று வாய்பாடு மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை, இரண்டே போதும். ஓர் இடர்ப்பாடும் உண்டு. ‘அப்லோ’ என்பதில் முதலசையை அழுத்தினால் ‘பேசுகிறேன்’. ஈற்றசையை அழுத்தினால் ‘பேசினான்’. அழுத்தம் மாறினால் ஆளும் மாறுகிறார், காலமும் மாறுகிறது! ஆதலால், ஏட்டிலே எழுதிப் பார்ப்பதோடு நில்லாது வாய்விட்டுச் சொல்லிப் பழகுதல் வேண்டும்.

எதிர்காலமோ இன்னும் எளிது. முழு வினைப்பெயரை அப்படியே வைத்து ஈற்றில் விகுதி ஒட்டுவர். ‘அப்லாரே’, ‘கோமேரே’, ‘பிபிரே’ என்பன பேசுவேன், உண்பேன், வாழ்வேன் எனப் பொருள்படும். மூவகை வினைக்கும் விகுதி ஒன்றே. இதன் வரலாறும் சுவையுடையது. ‘அப்லார்’ என்பதோடு, ‘உடையேன்’ எனப் பொருள்படும் ‘ஏ’ என்ற துணைவினை சேர்ந்து தேய்ந்து ஒன்றாயிற்று. நாம் ‘பேச இருக்கிறேன்’ என்று கூறி எதிர்காலம் உணர்த்துகின்றோமே, அதனை ஒத்ததென்க.

ஸ்பானிய மொழி கற்போரைப் பெரிதும் வருத்துவது, இறந்தகாலம் இரண்டாக நிற்பதே. ஒருமுறை நடந்து முடிந்ததற்கு ‘அப்லே’. வழக்கமாய் நடந்து வந்ததற்கும், நடந்துகொண்டிருந்ததற்கும் ‘அப்லாபா’. இவ்வேறுபாட்டை நியூ டவுனில் வளரும் நம் பிள்ளை நாள்தோறும் காதால் கேட்கிறது. வங்காளியர் ‘கொர்லாம்’ என்றால் செய்தேன். ‘கொர்தாம்’ என்றால் வழக்கமாகச் செய்து வந்தேன். நம் தமிழிலோ, “சிறுவயதில் நாள்தோறும் ஆற்றில் குளிப்போம், மார்கழி விடியலில் பாட்டி கோலம் இடுவார்” என்கின்றோம். எதிர்கால இடைநிலையே பழைய வழக்கத்தையும் உணர்த்துகிறது. ஸ்பானியர் தனி இடைநிலை வைத்தனர், வங்காளியரும் வைத்தனர், நாம் எதிர்கால வடிவிலேயே அதனை அடக்கினோம். இம்மூன்றையும் அறிந்த பிள்ளைக்கு ‘அப்லாபா’ என்பது அச்சம் தருமோ?

மரியாதை வழக்கிலும் ஓர் ஒற்றுமை காண்க. வங்காளத்தில் ‘ஆப்னி’ என்று ஒருவரை விளித்தால், ‘தினி’ என்னும் படர்க்கைக்குரிய ‘கொரேன்’ என்ற வினையே வரும். ஸ்பானியர் ‘உஸ்தெத்’ என்று மதிப்போடு அழைத்தால், அங்கும் படர்க்கை வினையே வரும். அச்சொல் ‘உம்முடைய அருள்’ எனப் பொருள்படும் பழந்தொடரின் தேய்வு. பெரியோரை நேர்முகமாகச் சுட்டக் கூசும் பண்பாடு எல்லா நாட்டிலும் உண்டு போலும். நாமும் ‘தாங்கள்’ என்கிறோம் அன்றோ?

ஒன்றை இங்கே எச்சரிக்கையாகக் கூறல் வேண்டும். வங்காளியின் ‘கொர்போ’ என்பதில் வரும் எதிர்காலப் பகரத்தையும், நம் ‘உண்பேன்’ என்பதில் உள்ள பகரத்தையும் கண்டு, இரண்டும் ஒன்றென முடிவு கட்டிவிடலாகாது. வங்காளியின் அவ்வடிவம் வடமொழியின் ‘தவ்ய’ ஈற்றிலிருந்து வந்ததென்பதை, இந்நகரத்துப் பேரறிஞர் சுனீதி குமார் சட்டர்ஜி 1926-இல் வெளியிட்ட பெருநூலிலே விளக்கியுள்ளார். ஒப்பிடுதல் கற்பதற்குத் துணை. உறவு கொண்டாடுவதற்குச் சான்று வேண்டும்.

இத்தகைய ஒப்பீடு இன்று நேற்றுத் தொடங்கியதன்று. முத்துக்குளித்துறையில் வாழ்ந்த போர்த்துக்கீசியப் பாதிரியார் அன்றிக்கே அன்றீக்கசு, 1549-ஐ ஒட்டித் தமிழுக்கு ஓர் இலக்கணம் வகுத்தார். ஸ்பானியத்தின் உடன்பிறப்பாகிய போர்த்துக்கீசியத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அவர், இலத்தீன இலக்கணச் சட்டத்திலே தமிழ் வினைகளை நிரல்படுத்திக் காட்ட முயன்றார். அக்கையெழுத்துச் சுவடி லிஸ்பன் நகர நூலகத்தில் உள்ளது. 1982-இல் அச்சேறியது, 2013-இல் ஜீன் ஹைன் அம்மையாரும் வி. எஸ். ராஜம் அம்மையாரும் செய்த ஆங்கில ஆக்கம் வெளிவந்தது. வங்காளிக்கும் அவ்வாறே. மானுவேல் த அசும்ப்சாம் என்னும் போர்த்துக்கீசியத் துறவி எழுதிய வங்காளி இலக்கணமும் சொற்றொகுதியும் 1743-இல் லிஸ்பனில் உரோமன் எழுத்தில் அச்சாயின. கடல் கடந்து வந்தோர் நம் வினைச்சொல்லை இத்துணை உழைப்போடு கற்றிருக்க, நம் வீட்டுப் பிள்ளைக்கு அது சுமையாகத் தோன்றலாமோ?

இனி, உரையின் உயிர்நிலைக்கு வருகின்றோம். அமெரிக்க நாட்டிலே ஸ்பானியக் குடும்பங்களில் பிறந்து ஆங்கிலத்தில் வளரும் பிள்ளைகளை ‘நோ சாபோ’ப் பிள்ளைகள் என்று எள்ளும் வழக்கம் உண்டு. ‘எனக்குத் தெரியாது’ என்பதற்கு ‘நோ சே’ என்பதே மரபு. அப்பிள்ளை ‘சாபேர்’ என்னும் வினையை ஒழுங்குவினையாகக் கருதி, ‘கோமேர்’ என்பதற்குக் ‘கோமோ’ வருவது போல, இதற்குச் ‘சாபோ’ என்கிறது. உற்றார் நகைக்கின்றனர். நகைப்புக்கு அஞ்சிய பிள்ளை, பாட்டியிடம் பேசுவதையே விட்டுவிடுகிறது.

இது நம் கதையும் அன்றோ? ‘எழுதினேன்’, ‘பாடினேன்’ எனக் கற்ற குழந்தை ‘சாப்பிடினேன்’ என்கிறது. ‘படித்தேன்’ என்பதை ஒட்டி ‘நடத்தேன்’ என்கிறது. விடுமுறைக்கு ஊர் சென்றால் உறவினர் கூட்டமாய்ச் சிரிக்கின்றனர். அடுத்த ஆண்டு அப்பிள்ளை ஆங்கிலத்திலேயே விடை கூறுகிறது. அன்பர்களே, அக்குழந்தை செய்தது பிழையாயினும் அறிவற்ற பிழையன்று. யாரும் சொல்லிக் கொடாமலே ஒரு விதியைக் கண்டுபிடித்து, அதனைப் புதிய சொல்லில் இட்டுப் பார்த்திருக்கிறது. ஸ்பானிய மழலையும் அதையே செய்கிறது. நம் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, வினையின் பக்கத்திலே அதன் வாய்பாட்டு எண்ணை இட்டுக் காட்டுகிறது. கற்ற புலவர்க்கே எண் இட்டுக் காட்டவேண்டிய ஒன்றை, ஐந்து வயதுக் குழந்தை காதால் கேட்டே கற்க வேண்டுமாயின், அதற்குப் போதிய அளவு கேட்கக் கொடுத்தல் நம் கடமையன்றோ?

நம் மொழியில் ஸ்பானியத்திலும் வங்காளியிலும் இல்லாத நுட்பமும் உண்டு. ‘பேசினான், பேசினாள்’ என வினையிலேயே பால் காட்டுகின்றோம். எதிரில் இருப்பவரை உள்ளிட்டு ‘நாம்’ என்றும், விலக்கி ‘நாங்கள்’ என்றும் பகுக்கின்றோம். வங்காளியின் ‘ஆம்ரா’வும் ஸ்பானியரின் ‘நொசோத்ரோஸ்’ என்பதும் இப்பகுப்பை அறியா. இந்நுட்பங்கள் பேச்சில் தேய்ந்தால் மீண்டும் எந்நாட்டில் போய்க் கற்பது?

ஆதலின் பெற்றோர்க்கு மூன்று சொற்கள். முதலாவது, நாள்தோறும் இரவு உணவின்போது பிள்ளையிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: “இன்று என்ன செய்தாய்? நாளை என்ன செய்வாய்? சென்ற ஆண்டு இந்நேரம் என்ன செய்துகொண்டிருந்தாய்?” இறந்தகாலத்தின் இருவகையும் எதிர்காலமும் அதில் அடங்கும். இரண்டாவது, பிழை நேர்ந்தால் சிரியாதீர், திருத்தவும் விரையாதீர். ‘சாப்பிடினேன்’ என்றால், “அப்படியா, சாப்பிட்டாயா? என்ன சாப்பிட்டாய்?” என்று சரியான வடிவத்தை விடையிலேயே வைத்துக் கூறுங்கள். மூன்றாவது, ஸ்பானிய வாய்பாட்டை ஏட்டில் எழுதும் பிள்ளையை, அதன் பக்கத்திலே தமிழையும் வங்காளியையும் எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்தின் வழியே மட்டும் சென்றால் நெடுவழி. தமிழின் வழியே சென்றால் குறுக்குவழி.

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை இப்பொழுது உங்களுக்கே விளங்கியிருக்கும். தமிழை இறக்கி வைத்தால் ஸ்பானியச் சுமை குறையாது. அதனைத் தூக்கும் தோள்தான் மெலியும். பிள்ளைகள் பல மொழி கற்கட்டும், உலகெங்கும் செல்லட்டும். எங்குச் சென்றாலும் பாட்டியிடம் தொலைபேசியில் ‘வந்தேன், வருகிறேன், வருவேன்’ என்று தடுமாற்றமின்றிக் கூறும் அளவேனும் தமிழ் அவர்கள் நாவில் நிலைக்கட்டும். அதற்கு இச்சங்கமும் நம் வீடுகளும் சேர்ந்து உழைப்பனவாக.