பிசிஷியன் அசிஸ்டெண்ட் முடித்தவருக்கு ராணுவத்தில் எந்தக் கதவு திறக்கும்?

(மரக்காணத்தில் நடந்த தொழில்நெறி வழிகாட்டிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை அங்கங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)

விடியற்காலையிலேயே பாத்தியில் இறங்கி வேலையை முடிச்சிட்டு, கால்ல உப்புத்தண்ணி காயறதுக்குள்ள இங்க வந்து உட்கார்ந்திருக்கிற அம்மாக்களுக்கு முதல் நன்றி. நான் செய்தித் துறையில் உள்ளடக்கம் எழுதுகிறவள். டாக்டரும் இல்லை, ராணுவமும் இல்லை. படிச்சது ஜர்னலிசம். அதனால நான் செய்யக்கூடியது ஒண்ணுதான்: அறிவிப்புகளை முழுசா படிச்சு, உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றது.

இந்தத் தலைப்பு எப்படி வந்ததுன்னு முதல்ல சொல்லிடறேன். இந்தப் பக்கத்துத் தம்பி ஒருத்தர், அம்மா உப்பளத்தில் வேலை. பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டெண்ட் முடிச்சவர். வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரு விளம்பரத்தை அனுப்பி, "அக்கா, இது உண்மையான்னு பார்த்துச் சொல்லுங்க"ன்னு கேட்டார். 'பி.ஏ. முடித்தவர்களுக்கு ராணுவத்தில் நேரடி மெடிக்கல் ஆபீசர் வேலை. பதிவுக் கட்டணம் நாற்பதாயிரம்.' வீட்டில் அம்மாவோட தோட்டை அடகு வைக்கப் பேசி முடிச்சிருந்தாங்க.

பொய். அப்படி ஒரு பணியிடமே இல்லை. ராணுவ மருத்துவப் படையில், அதாவது ஆர்மி மெடிக்கல் கோரில், டாக்டராக அதிகாரி ஆக வேண்டும் என்றால் எம்.பி.பி.எஸ். வேண்டும். பிசிஷியன் அசிஸ்டெண்ட் என்ற பெயரில் நம் முப்படையிலும் அதிகாரிப் பணிக்கு ஆள் எடுப்பதில்லை.

அப்போ இந்தக் கதை எங்கேயிருந்து கிளம்புது? யூடியூபில் பார்த்திருப்பீங்க, அமெரிக்க ராணுவ உடையில் ஒருத்தர் 'நான் பி.ஏ., நான் கேப்டன்' என்று பேசுவார். அது நிஜம். இந்தத் தொழிலே அங்கே படைக்குள்ளிருந்து வந்ததுதான். 1965-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் இந்தப் படிப்பைத் தொடங்கியபோது, முதலில் சேர்ந்த நாலு பேரும் கடற்படையில் மருத்துவ உதவியாளராக இருந்து வந்தவர்கள். அதனால் அங்கே பி.ஏ.வுக்கு அதிகாரி அந்தஸ்து உண்டு. ஆனால் அதுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை வேணும், அந்த நாட்டில் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படிச்சிருக்கணும், அவங்க தேர்வை எழுதியிருக்கணும். நம்ம ஊர் பட்டத்தை வச்சு அந்தத் தேர்வுக்கு உட்காரவே முடியாது.

நம்ம ஊரில் இந்தப் படிப்பு 1992-ல் சென்னையில், மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், டாக்டர் கே.எம்.செரியன் முயற்சியில் தொடங்கியது. இதய அறுவை சிகிச்சைப் பிரிவுக்குக் கைகொடுக்க ஆள் தேவைப்பட்ட நேரம் அது. இன்றைக்கு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பல கல்லூரிகளில் இருக்கு. நீட் தேவையில்லை, பிளஸ் டூ மார்க்கில் சேரலாம் என்பதால் நம்ம பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் எடுக்கறாங்க. 2021-ல் வந்த தேசிய இணை மற்றும் சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டத்தில் இந்தத் தொழிலின் பெயரும் இருக்கு. மரியாதையான படிப்பு. டாக்டரின் மேற்பார்வையில் வேலை செய்கிற படிப்பு. இரண்டையும் சேர்த்தே மனசில் வச்சுக்கணும்.

சரி, ராணுவம்தான் வேணும்கிற பிள்ளைக்கு என்ன வழி?

முதல் வழி, நர்சிங் அசிஸ்டெண்ட். இது சிப்பாய் நிலைப் பணி. தகுதி பிளஸ் டூ: இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம், மொத்தத்தில் 50 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் 40. உங்க பட்டத்தை அங்கே யாரும் கேட்க மாட்டாங்க. வயது 17½ முதல் 23 வரை என்றுதான் அண்மைய அறிவிப்புகளில் இருந்தது. இங்கேதான் கணக்குப் போட்டுப் பாருங்க. பிளஸ் டூ முடிக்கும்போது 17 அல்லது 18. இன்டர்ன்ஷிப்போட சேர்த்து நாலு வருஷப் படிப்பு. வெளியே வரும்போது 22. கையில் இருப்பது ஒரு வருஷம், ஒரே ஒரு அறிவிப்பு. கடற்படை, விமானப்படையில் பிளஸ் டூ தகுதிக்கான மருத்துவ உதவியாளர் பணிக்கு வயது 21 வாக்கில் முடிஞ்சுடுது, அதனால் பட்டம் வாங்கின கையோட போனால் அந்தக் கதவு சாத்தியிருக்கும்.

எழுத்துத் தேர்வு கணினியில். அப்புறம் 1.6 கிலோமீட்டர் ஓட்டம், பார் எடுக்கிறது, பள்ளம் தாண்டறது, மருத்துவப் பரிசோதனை. சம்பளம் அடிப்படை 21,700 ரூபாய், அதோட ராணுவச் சேவை ஊதியம் 5,200, மற்ற படிகள் தனி. லக்னோவில் பயிற்சி. 'டிகிரி படிச்சிட்டு சிப்பாயாவா?'ன்னு வீட்டில் கேட்பாங்க. கேட்கட்டும். ஒரு பட்டாலியனில் டாக்டர் ஒருத்தர்தான் இருப்பார், குண்டடி பட்டவனை முதலில் தொடுவது நர்சிங் அசிஸ்டெண்ட் கைதான். உள்ளே போனபிறகு, சேவையில் இருப்பவர்களுக்கென்று மருத்துவப் படையிலேயே 'நான்-டெக்னிக்கல்' அதிகாரித் தேர்வும் இருக்கு. ஆனால் இந்த நர்சிங் அசிஸ்டெண்ட் வழி ஆண்களுக்கு மட்டும். தங்கச்சிகளுக்கு இல்லை. ராணுவ செவிலியர் சேவைக்குப் போகலாமேன்னு சிலர் சொல்வாங்க, அதுக்கு பி.எஸ்சி. நர்சிங் வேணும். பி.ஏ. பட்டம் செல்லாது.

இரண்டாவது வழியைப் பற்றித்தான் நான் அதிகம் பேசணும்னு வந்தேன், ஏன்னா இதை யாரும் நம்ம பிள்ளைகளுக்குச் சொல்றதில்லை. யு.பி.எஸ்.சி. வருஷத்துக்கு இரண்டு முறை நடத்தற சி.டி.எஸ். தேர்வு. எந்தப் பட்டமா இருந்தாலும் சரி. இதில் சென்னை பரங்கிமலையில் இருக்கிற அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு, ஓ.டி.ஏ.வுக்கு, ஆங்கிலமும் பொது அறிவும் மட்டும்தான். கணக்குத் தாள் கிடையாது! ஆண், பெண் இருவரும் எழுதலாம், திருமணம் ஆகியிருக்கக் கூடாது. வயது 25-ஐ ஒட்டி வரை இடம் இருக்கு, அதனால நாலஞ்சு முறையாவது முயற்சி செய்யலாம். 1992-ல்தான் அந்த அகாடமிக்குள் பெண்கள் முதன்முதலாக நுழைஞ்சாங்க. பி.ஏ. படிப்பு சென்னையில் தொடங்கிய அதே வருஷம்.

எழுத்துத் தேர்வு தேறினால் எஸ்.எஸ்.பி. நேர்காணல், அஞ்சு நாள், வெளி மாநிலத்தில் தங்கி. முதல் முறை போகிறவர்களுக்குப் பயணச் செலவு திரும்பக் கிடைக்கும். அங்கே உங்க உப்பளத்துக் கதை உதவும், வெட்கப்படாம சொல்லுங்க. தேர்வானால் 49 வாரப் பயிற்சி. லெப்டினன்டாக அடிப்படை 56,100 ரூபாய், ராணுவச் சேவை ஊதியம் 15,500. முதலில் பத்து வருஷப் பணி, விரும்பினால் நாலு வருஷம் நீட்டிக்கலாம், நிரந்தரமாகவும் வாய்ப்பு உண்டு.

இரண்டு கசப்பையும் சொல்லிடணும். ஒண்ணு, கேள்வித்தாள் தமிழில் இருக்காது. இரண்டு, இந்த வழியில் போனால் நீங்க படிச்ச மருத்துவம் வேலைக்கு வராது. காலாட்படையோ, சப்ளை பிரிவோ, எங்கே போடறாங்களோ அங்கே. ஸ்டெதஸ்கோப் வேணுமா, தோளில் நட்சத்திரம் வேணுமா என்பதை நீங்களே உட்கார்ந்து யோசிக்கணும். ஸ்டெதஸ்கோப்தான் வேணும்னா, ராணுவத்தை விட்டுட்டு நல்ல மருத்துவமனையில் சேருங்க, அதில் எந்தக் குறையும் இல்லை.

இன்னொரு சிக்கல். இறுதி ஆண்டு மாணவர்கள் சி.டி.எஸ்.க்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் நம்ம படிப்பில் மூணு வருஷ வகுப்பு முடிஞ்சதும் பட்டம் வராது, ஒரு வருஷ இன்டர்ன்ஷிப் முடிஞ்சாத்தான் வரும். அறிவிப்பில் 'இந்தத் தேதிக்குள் பட்டச் சான்று காட்டணும்'னு ஒரு வரி இருக்கும். அந்தத் தேதியையும் உங்க இன்டர்ன்ஷிப் முடியற தேதியையும் பக்கத்துப் பக்கத்துல எழுதிப் பார்த்துட்டு அப்புறம் பட்டனை அழுத்துங்க.

இப்போ செல்போனை எடுங்க. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் ஆதாரையும் பாருங்க. பெயர் ஒரே மாதிரி இருக்கா? நம்ம ஊரில் ஒண்ணில் இனிஷியல் முன்னாடி, இன்னொண்ணில் பின்னாடி, மூணாவதில் அப்பா பெயர் முழுசா இருக்கும். ராணுவத்தைப் பொறுத்தவரை பத்தாம் வகுப்புச் சான்றில் இருப்பதுதான் உங்க பெயர், அதுதான் பிறந்த தேதி. ஓடி ஜெயிச்ச பிள்ளை, ஒரு புள்ளியால் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்னுடக் கூடாது. ஆதார் மையத்தில் இப்பவே திருத்துங்க. இருப்பிடச் சான்று, சாதிச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிங்க. அது வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று போய் வரணும், கடைசி வாரத்தில் ஓடினால் கிடைக்காது. ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, சி.டி.எஸ். அதிகாரித் தேர்வில் இடஒதுக்கீடு கிடையாது. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் பெண்களுக்கும் கட்டணம் இல்லை. மற்றவர்களுக்கு 200 ரூபாய்.

நாற்பதாயிரம் எங்கே, இருநூறு எங்கே, பாருங்க. பணம் கேட்டு யாராவது வந்தா 1930-க்கு போன் பண்ணுங்க, அது சைபர் மோசடிக்கான எண். பயிற்சி வேணும்னா மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கு, போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு. எந்தத் தேர்வுக்கு நடக்குதுன்னு போய்க் கேட்டுக்கங்க.

அப்புறம் உடம்பு. பாதத்தில் வளைவு இல்லாத தட்டைப் பாதம் ராணுவ மருத்துவப் பரிசோதனையில் நிராகரிப்புக்குக் காரணமாகும். ஈரக் காலை தரையில் பதிச்சுப் பார்த்தாலே ஓரளவு தெரியும். சின்ன வயசிலிருந்து பாத்தியில் அம்மாவோட நின்ன பிள்ளைகளுக்குக் காலில் வெடிப்பும் புண்ணும் இருக்கும், கண்ணில் வெயில் கூச்சமும் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்பவே காட்டுங்க. ஓட்டப் பயிற்சியை மணலில் மட்டும் செய்யாதீங்க, தேர்வு கெட்டித் தரையில்.

பேசி முடிச்சதும் கடைசி வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து கேட்டார்: "ஏம்மா, என் பொண்ணு மூணாவது வருஷம் பி.ஏ. படிக்கறா. இருபது வயசு. அவளுக்கு எது?" நான் சொன்னேன்: "அவங்களுக்கு அந்த பரங்கிமலை வழிதாம்மா. இன்டர்ன்ஷிப்பை முடிக்கட்டும், அதுவரைக்கும் தினமும் ஒரு ஆங்கிலப் பேப்பர் படிக்கட்டும்." "பேப்பருக்கு ஏது காசு?" என்றார். கிளை நூலகத்தில் இலவசம் என்றேன். எத்தனை மணிக்குத் திறப்பாங்கன்னு கேட்டுட்டு உட்கார்ந்தார்.

அந்தத் தம்பி இப்போ ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே சி.டி.எஸ்.க்குப் படிக்கிறார். தோடு அம்மா காதிலேயே இருக்கு.